ஏணிக் கடையில் நாலு நிமிடம்

காலை பத்து மணி ஆனால் என் தம்பியிடமிருந்து போன் வந்துவிடும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்க மாட்டான். "அக்கா, திறந்தாச்சா?" என்று ஒரே கேள்வி. "திறந்து தொலைச்சாச்சு, வை" என்பேன். திறக்க வேண்டியது அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் இணையதளம். அலுமினிய ஏணி செய்து விற்கிற கம்பெனி. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு தையல் ஓட்டி முடித்ததும் திரையை விரலால் ஒரு தள்ளு, அடுத்த தையல், மறுபடி ஒரு தள்ளு. அரை நிமிடத்துக்கு ஒரு முறையாவது தொடாவிட்டால் பார்க்க வந்த ஆள் போய்விட்டதாக அந்தத் தளம் எழுதிக்கொள்ளுமாம். ஐந்து மாதம் இப்படி ஓட்டினேன். உலகத்தில் எவளாவது ஏணியைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்திருக்கிறாளா? நான் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு கோணலாகப் போய்த் திரும்பியும் வந்தன.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஏழு வயது இளையவன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஓர் இடத்திலிருந்து எழுந்து வரத் தெரியாது. போகத் தெரியும், உட்காரத் தெரியும், "போயிட்டு வரேன்" என்று சொல்ல மட்டும் வாய் வராது. ஒன்பது வயதில் ஒரு நாள், இரவல் வாங்கிய குடையைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். மத்தியானம் போனவன் விளக்குப் போடும் நேரம்வரை வரவில்லை. தேடிக்கொண்டு போனால், அந்த வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர்களுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறான். "போன்னு யாரும் சொல்லலக்கா" என்றான். முடி வெட்டும் கடையில் வேலை முடிந்து துண்டை உதறிய பிறகும் நாற்காலியிலேயே இருப்பான். அடுத்த ஆள் வந்து கனைத்தால்தான் எழுவான். அந்தக் கடைக்காரர் அவனுக்கு வைத்த பெயர் பசை. பிறகு தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கேலிக்குக் குறைச்சல் இல்லாத ஆள். "உன் தம்பி வந்ததுக்கு ஒரு டீ, போறதுக்கு மூணு டீ போடணும்" என்பார்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை, வந்தவர்களைப் போகவிடாமல் பிடித்து வைக்கிற வேலை. அச்சகத்தில் எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தவன், அது மூடியதும் ஏணிக் கம்பெனியில் விலைப்பட்டியல் தயார் செய்யச் சேர்ந்தான். விலைப்பட்டியல் இணையத்துக்குப் போயிற்று. அவனும் அதோடு போனான்.

அந்த ஆபீசை நான் பார்த்திருக்கிறேன். கீழே குடோன், மேலே ஒரு நீள அறை. கீழே ஏணிகளை இழுத்துச் சாய்த்தால் மேலே மேஜையில் டம்ளர் ஆடும். ஒரு பக்கம் கணக்கு எழுதுகிற அம்மா, இன்னொரு பக்கம் என் தம்பி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி. முதலாளி கெட்டவர் இல்லை. அதட்டிப் பேசவும் தெரியாது. அதுதான் வம்பாயிற்று. அதட்டுகிறவரிடம் கோபித்துக்கொண்டாவது எழுந்து வரலாம்.

ஒரு நாள் முதலாளி எங்கோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாளே சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டச் சொன்னார். அதில் ஒரு தேசப்படம். கம்பெனித் தளத்துக்கு யார் வந்தாலும் அவர்கள் ஊரில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும், போய்விட்டால் அணையும். மேல் மூலையில் ஓர் எண். வந்தவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பது அது. முதல் நாள் நாற்பத்தொரு விநாடி என்று காட்டியது.

"நாப்பத்தொரு செகண்டு" என்றாராம் முதலாளி, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்பது போல. "ஒருத்தர் நம்ம கடைக்குள்ள வந்துட்டு உக்காரக் கூட செய்யாம போறாருன்னா நாம சரியா கவனிக்கலன்னுதானப்பா அர்த்தம். நாலு நிமிஷம் நிக்க வை. நின்னவன் வாங்குவான்."

ஏணி பார்க்க வந்தவனுக்கு நாலு நிமிடம் எதற்கு? எத்தனை படி, என்ன விலை, வீட்டில் கொண்டுவந்து இறக்குவார்களா. இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள நாற்பது விநாடி போதும். மிச்சம் ஒரு விநாடி பெருமூச்சுக்கு. முதலாளியிடம் இதைச் சொல்ல வேண்டியவன் என் தம்பி. சொல்வானா? "பாக்கறேன் சார்" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

பார்க்கத்தான் செய்தான், பாவம். "உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஏணி எது?" என்று பன்னிரண்டு கேள்விகள் போட்டான். உங்களுக்கு உயரம் என்றால் பயமா என்பது ஆறாவது கேள்வி. பயம் என்று சொன்னவனுக்கும் ஏணியைத்தான் காட்டியது. பிறகு ஏணியின் வரலாறு என்று மூன்று பக்கம் எழுதினான். யாராவது மூடப்போனால் "கொஞ்சம் இருங்களேன்" என்று ஒரு பெட்டி குதிக்கும்படி வைத்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "டேய், நீ பண்றதையே கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் குடுத்துட்டியா?" என்று கேட்டார். அவனே சிரித்துவிட்டான்.

கடைசியாக வீடியோ. நடிக்க ஆள் கிடைக்காததால் அவனே நடித்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, நான் தைத்தது. குடோன் மூலையில் ஆறு படி வீட்டு ஏணியைப் போட்டு, ஏறுகிறான், பல்பை மாட்டுகிறான், எரிகிறது, நம் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். அடுத்த கணம் மறுபடி தரையில் நின்று ஏற ஆரம்பிக்கிறான். நாம் நிறுத்தும்வரை அது சுற்றிச் சுற்றி ஓடும்.

"எறங்கறதே இல்லையேடா?" என்று கேட்டேன்.

"எறங்கறதும் எடுத்தேன்கா. வெட்டிட்டேன். எறங்கிட்டா முடிஞ்சுதுன்னு தெரிஞ்சு ஆளு போயிடுவான். முடியாத மாதிரியே இருந்தாத்தான் இன்னொரு வாட்டி பாப்பான்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

இவ்வளவும் செய்து எண் ஒரு நிமிடம் பத்து விநாடிக்கு வந்தது. அங்கேயே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அவன் மனைவிக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, ரயிலில் ஒன்பது மணி நேரப் பயணம். ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவள் முன்னால் போவது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இவன் பின்னால் போய்ச் சேருவது என்று பேச்சு. அங்கே ஓர் அச்சகத்தில் இவனுக்கு இடமும் பார்த்தாயிற்று. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, பழைய இடத்திலிருந்து முறையாக விடுவித்ததாக ஒரு கடிதம். ரயில் ஜன்னல் வழியாகக் குழந்தை கையை நீட்டியபோது, "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள அப்பா வந்துடுவேன்" என்று அவன் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

முதலாளியிடம் போய்ச் சொல்ல அவனுக்கு மூன்று நாள் பிடித்தது. கண்ணாடிக் கதவுவரை போவான், வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்புவான். நாலாம் நாள் சொன்னான். முதலாளி கோபப்படவில்லை.

"தாராளமா போப்பா. குடும்பம்தான் முக்கியம். அந்த நாலு நிமிஷத்தை மட்டும் காட்டிட்டுப் போ. லெட்டரை நானே எழுதி கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது டீயைக் குடித்த பிறகு வாயைத் திறந்தான். "ஒரே ஒரு வாரம்கா. நாலு நிமிஷம் வந்துடுச்சுன்னா நான் கிளம்பிடுவேன். நீயும் மாமாவும் சும்மா திறந்து வச்சுக்கிட்டு இருந்தா போதும்."

ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். தம்பி பெண்டாட்டி பிள்ளையோடு போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான், என் வீட்டுக்காரர், மாடி வீட்டு அம்மா, என் வீட்டுக்காரரோடு பஸ் ஓட்டிய இரண்டு நண்பர்கள், அந்த முடி வெட்டும் கடைக்காரர். மொத்தம் ஆறு பேர், ஆளுக்கொரு போன். தம்பி மனைவியையும் கேட்டிருக்கிறான். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பொய்யா உக்காந்து பாக்க என்னால ஆகாது. வரணும்னா கிளம்பி வாங்க." நல்ல பெண். அன்றைக்கு அவள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் கூட இருந்தது, இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் டிவியில் நாலு நிமிடம் மூன்று விநாடி என்று வந்தது. முதலாளி எழுந்து நின்று கைதட்டினார், குடோன் ஆட்கள் உட்பட எல்லோருக்கும் டீ வரவழைத்தார். என் தம்பி கடிதத்துக்காகக் கண்ணாடிக் கதவுக்குள் போனான்.

"இவ்வளவு தெரிஞ்ச ஆளை எவனாவது விடுவானாப்பா?" என்றார் முதலாளி. அவன் தோளில் வேறு கையைப் போட்டுக்கொண்டாராம். "ஒரு ஆறு மாசம் இரு. அஞ்சு நிமிஷம் ஆக்கு. நம்ம கம்பெனியில ஒவ்வொருத்தரும் இதுக்கு உழைக்கணும்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். நீதான் முன்னால நிக்கணும்."

வெளியே போவதற்காக அவன் சொன்ன பொய்தான் அவனை உள்ளே வைத்துப் பூட்டியது. ஆட்களை நிறுத்தச் சொன்னால் எண் விழும். விழுந்தால் ஏன் என்று முதலாளி கேட்பார். கேட்டால் என்ன சொல்வான்? அதனால் மறுநாளும் பத்து மணிக்குப் போன் வந்தது. "அக்கா, திறந்தாச்சா?"

அச்சகக்காரர்கள் மாதம் முதல் தேதிவரை பார்த்துவிட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. குழந்தை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அங்கிருந்து வந்த படத்தை அவன் எனக்குக் காட்டினான். புதுப் பை முதுகை மறைத்துக்கொண்டிருந்தது. போனில் குழந்தை பேசினால் ஒரே கேள்விதான். "எப்ப வருவீங்க?" இவன் "வந்துடறேன்மா" என்பான். முதல் மாதம் அழுதாள். இரண்டாம் மாதம் பிடிவாதம் பிடித்தாள். மூன்றாம் மாதத்திலிருந்து கேட்பதையே விட்டுவிட்டாள் என்று அவன் சொன்னபோது, அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவனுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அவன் இளைத்துப்போனான். நாலு நிமிடம் இருபது, நாலு நிமிடம் முப்பது என்று எண் ஏற ஏற இவன் சட்டை தோளில் தொங்கியது. நானே தைத்த சட்டையை நானே இரண்டு முறை பிடித்துக் கொடுத்தேன். காலியான வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்குப் போய் டிவியைப் பார்ப்பானாம்.

எங்கள் வீட்டுக் கூத்து தனி. நானாவது தள்ளிவிட்டுத் தைத்தேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் உண்மையாகவே படித்தார். ஏணியின் வரலாற்றை மூன்று முறை படித்தார். சாப்பிடும்போது, "சுவருக்கும் ஏணி அடிக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும் தெரியுமா உனக்கு?" என்று கேட்பார். "உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்னு தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற நிலையில் இல்லை. ஒரு நாள் வாசலில் வண்டி வந்து நின்றது. பதினான்கு படி, இரண்டாக நீளும் ஏணி. எங்கள் வீட்டுக் கூரை கையை உயர்த்தினால் எட்டும். அதைப் படுக்கை அறைக்குள் குறுக்காகத்தான் வைக்க முடிந்தது. அன்றிலிருந்து கட்டிலுக்குப் போக வேண்டுமானால் குனிந்து போகிறோம்.

ஐந்தாம் மாதம் ஒரு காலை. பள்ளிக்கூடச் சட்டை இருபத்திரண்டு, மறுநாள் கொடுக்க வேண்டும். ஒரு கையால் துணியை நகர்த்திக்கொண்டே இன்னொரு கையால் போனைத் தள்ளினேன். மிஷின் ஊசி ஆள்காட்டி விரலில் நகத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. சக்கரத்தைப் பின்னால் திருப்பித்தான் வெளியே எடுத்தேன். ரத்தம் வெள்ளைத் துணியில் சொட்டியது. போனில் "கொஞ்சம் இருங்களேன்" என்று பெட்டி குதித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். தம்பியை அன்று மத்தியானமே வரச் சொன்னேன். கட்டுப் போட்ட விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நாளையிலேருந்து என் போன் திறக்காது. உங்க மாமா போனும் திறக்காது. மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"அக்கா, நம்பர் விழுந்துடும்கா."

"விழட்டும்."

"சார் கேப்பாரு."

"கேட்டா சொல்லு. ஏணியைத்தானே பாத்தோம்? ஏறித் திருடினோமா?"

அவன் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சொன்னா, பொய் சொல்லித்தான் நல்ல பேரு வாங்கினேன்னு ஆயிடும். சொல்லாமப் போனா, நான் போன மறுநாளே நம்பர் விழுந்து அதே தெரிஞ்சுடும். எப்பிடிப் பாத்தாலும் என்னால எழுந்திருக்க முடியலக்கா. பயமா இருக்கு."

அவனை அப்படியே அணைத்துக்கொள்ளத் தோன்றியது. முதுகில் நாலு போடவும் தோன்றியது. "உம் பொண்ணு உன்னைக் கேக்கறதை நிறுத்திட்டா. அதைவிடவா உனக்கு அந்த நம்பர் பயம்?" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஆறு போனும் மூடின. பத்து மணிக்குப் போன் வரவில்லை. நான் சட்டைகளை முடித்துக் கொடுத்தேன், ஆனால் கண் போன் பக்கமே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க நிறுத்தினீங்கதானே?"

"நிறுத்தியாச்சே. என்ன ஆச்சு?"

"நாலு அம்பது இருந்துது. இப்ப நாலு முப்பத்தஞ்சு. அவ்வளவுதான் எறங்கிச்சு."

அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. கணக்கு அம்மா அடிக்கடி மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே விரலை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு போன் எரிந்துகொண்டிருந்தது. திரையில் எட்டுப் படி ஏணி. இவன் பார்த்ததைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டதாம்.

"எல்லாரும் உழைக்கணும்னு சார் சொன்னாருல்ல. எனக்கு வேற என்ன உழைக்கத் தெரியும்? என் வீட்டுல மாமியார் கிட்ட ஒண்ணு, நாத்தனார் கிட்ட ஒண்ணு குடுத்திருக்கேன். தயவு பண்ணி சார்கிட்ட சொல்லிடாதீங்க."

குடோன்காரரிடம் போய்க் கேட்டான். அவர் வீட்டில் மூன்று போன். ஏணி ஏற்றிச் செல்லும் வண்டி டிரைவர் வீட்டில் இரண்டு. அந்த டிரைவர்தான் முதலாளி வீட்டுக்கும் வண்டி ஓட்டுகிறவர். அவர் காதோடு காதாகச் சொன்னார். "பெரிய வீட்டுல ஏழு போன் சார். அம்மா, பொண்ணு, மருமகன், சமையல்காரம்மா உள்பட. முதலாளியே காலையில வரிசையா திறந்து வச்சிட்டுத்தான் ஆபீஸ் கிளம்பறாரு."

இதைத் தம்பி எங்களிடம் சொன்னபோது என் வீட்டுக்காரர் கட்டிலில் விழுந்து சிரித்தார், எழும்போது ஏணியில் இடித்துக்கொண்டார். என் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரெல்லாம் நிஜம், தான் மட்டும்தான் கள்ளம் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் போனாலும் அந்த எண் விழாது. இவனை அங்கே யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. "அப்ப நான் எதுக்குக்கா அஞ்சு மாசம் அங்க உக்காந்திருந்தேன்?" என்று கேட்டான்.

ஆனாலும் மறுநாள் அவன் வேலைக்குத்தான் போனான். பழக்கம். அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு முதலாளி டிவி முன்னால் வந்து நின்றார். எங்கள் ஊரில் கொத்தாக எரிகிற புள்ளிகளை விட்டுவிட்டு, தூரத்தில் தனியாக எரிந்த ஒரு புள்ளியைக் காட்டினார்.

"இதைப் பாத்தியாப்பா? ரொம்ப நாளா கவனிக்கறேன். தினம் இதே நேரம் வருது. அந்த ஆறு படி ஏணி வீடியோ மட்டும்தான். முக்கால் மணி நேரம் நிக்குது. இதுதான் நிஜமான கஸ்டமரு." சொல்லிவிட்டு ஒரு கணம் தரையைப் பார்த்தாராம். "எப்பிடியாவது இவரை விட்டுடாத."

அந்தப் புள்ளி அவன் மனைவி இருக்கும் ஊர். அதை அவனும் மூன்று மாதமாகப் பார்த்துத்தான் இருக்கிறான். வாயால் மறுத்தாலும் மனசு கேட்காமல் நமக்காகத் திறந்து வைக்கிறாள் என்று நினைத்து, அவளிடம் கேட்காமல் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். இனி அவளும் சிரமப்பட வேண்டாமே என்று, படியிறங்கிக் குடோன் வாசலில் நின்று போன் போட்டான்.

"நீயும் நிறுத்திடும்மா. இனிமே தேவையில்ல."

"எதை நிறுத்த? நான் எப்ப ஆரம்பிச்சேன்?" என்றாள் அவள்.

பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. "அவதான் பாக்கறா. நான் டூட்டி முடிஞ்சு வந்ததும் போனை வாங்கிக்குவா. உங்க வீடியோ. நான் சமைச்சு முடிக்கற வரைக்கும் அதையே தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருப்பா. ஏன்டி இதையே பாக்கறன்னு கேட்டேன். அப்பா மேலயே ஏறிக்கிட்டு இருக்காரு, எப்ப எறங்குவாருன்னு பாக்கறேன்னு சொன்னா. எறங்கினப்புறம்தானே கிளம்ப முடியும்னு சொன்னா."

இதை அவன் வந்து என்னிடம் சொன்னான். நூறு தடவை அந்த வீடியோவைத் தள்ளியிருக்கிறேன். இறங்கவில்லையே என்று முதல் நாளே கேட்டவளும் நான்தான். வெட்டி எறிந்த அந்தத் துண்டு எங்கே போய்க் குத்தியிருக்கிறது பாருங்கள். எவனோ முகம் தெரியாதவனைப் பிடித்து வைக்க என்று செய்தான். வேறு யாரும் அகப்படவில்லை, பெற்ற பிள்ளை அகப்பட்டுக்கொண்டது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கண்ணாடிக் கதவைத் தட்டி உள்ளே போயிருக்கிறான்.

"சார், அந்தத் தனிப் புள்ளி என் பொண்ணு."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"மத்த புள்ளியெல்லாம் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல சார். அதுல எங்க அக்கா வீடும் இருந்துது. நான்தான் திறந்து வைக்கச் சொன்னேன். தப்புதான். நான் ஊருக்குக் கிளம்பறேன்."

முதலாளி கண்ணாடித் தடுப்பு வழியாக டிவியைப் பார்த்தாராம். "லெட்டர் தர மாட்டேன்ப்பா. அஞ்சு நிமிஷம் ஆகல" என்றார் கடைசியில். அவர் குரலில் கோபம் இல்லை, யாராவது தன்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்களா என்பது போல இருந்தது என்றான் தம்பி.

"பரவால்ல சார். போயிட்டு வரேன்" என்று இவன் சொன்னான்.

கடிதம் இல்லை. அங்கே அச்சக வேலையும் இல்லை. வேலைக்கு இனி வீதி வீதியாகத்தான் அலைய வேண்டும். தெரிந்துதான் சொன்னான். வெளியே வந்து தன் மேஜையில் கால்மணி நேரம் உட்கார்ந்து கடைசியாக ஒரு வேலை செய்துவிட்டு, கணக்கு அம்மாவிடமும் குடோன் ஆட்களிடமும் சொல்லிக்கொண்டு, மத்தியானம் ஒரே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தான்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தான். இன்னொரு டீக்குப் பாலை அடுப்பில் வைத்தேன், பழக்க தோஷம். அவன் எழுந்து நின்றான்.

"போயிட்டு வரேன்கா."

நாற்பது வயதுக்கு மேல் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் என் காதால் கேட்கிறேன். வெட்கமில்லாமல் அழுதேன். என் வீட்டுக்காரர், "பசை காஞ்சிடுச்சுடி" என்று கேலி செய்யப் பார்த்தார். அவர் குரலும் சரியில்லை.

ஐந்து மணி ரயிலுக்குப் போய்விட்டான். ஆறரை மணிக்கு, யாரும் கேட்காமலே, நானே அந்த ஏணித் தளத்தைத் திறந்தேன். வீடியோ மாறியிருந்தது. ஏறுகிறான், பல்பை மாட்டுகிறான், எரிகிறது, சிரிக்கிறான். பிறகு இறங்குகிறான். ஆறு படி, ஒவ்வொன்றாகக் காலை வைத்து. தரைக்கு வந்ததும் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நம்மைப் பார்த்து நடந்து வந்து திரைக்கு வெளியே போய்விடுகிறான். அதன் பிறகு வெறும் ஏணிதான் நிற்கிறது. மொத்தம் ஐம்பத்திரண்டு விநாடி.

ஏழு மணிக்குத் தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, அவர் கிளம்பிட்டாராமே? நான் இன்னும் இவகிட்ட சொல்லவே இல்ல. வழக்கம்போல போனை வாங்கிட்டுப் போனா. ஒரே தடவைதான் பாத்தா. உடனே கொண்டுவந்து குடுத்துட்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல போய், செருப்பு விடற எடத்துல அவ செருப்பையும் என் செருப்பையும் ஒரு ஓரமா தள்ளி வச்சிட்டு வந்தா. ஏன்டின்னு கேட்டேன். அப்பா செருப்பு பெருசுல்ல, அதுக்கு எடம் வேணும்னு சொல்றா."